அடுத்தது எந்தப் புத்தகம்?



அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு செல்லும் பேருந்தில் ஒரு நாள் கல்லூரி மாணவர் ஒருவர் என்னருகே அமர்ந்து, ஒரு நூலைப் படித்துத் தமக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தார். தேவன் எழுதிய 'மிஸ்டர் வேதாந்தம்' அது. எட்டிப் பார்த்த நானும் சிரித்துவிட்டேன். அணைக்கட்டு கண்ணுக்குத் தெரியும் வேளையில் கடைசிப் பக்கத்தை முடித்தவர், "ஐயா, இதைப்போல வேறு எது இருக்கிறது?" என்று வினவினார்.

நெல்லைக்காரன் அல்லவா நான்! ஊர்ப்பற்று முந்திக்கொண்டது. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தனின் பெயரைச் சொன்னேன். அடுத்த முறை சந்தித்தபோது என் பிரதியையே கொடுத்து, 1943-இல் அவர் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையை முதலில் படிக்கச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து அவர் சொன்னார்: "சிரித்தேன் ஐயா, ஆனால் சிரித்த பிறகு நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. நான் கேட்டது இதுவன்று."

அவர் கூறியது முற்றிலும் நியாயம். பூலோகம் வந்த கடவுளைத் தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கும் பிள்ளையைக் கண்டு நகைக்கிறோம். அந்தப் பிழைப்பின் வறட்சி மறுகணமே நம்மைச் சுடுகிறது. தேவனின் நகைச்சுவையோ வேறு வகை. செல்வம் இழந்து சென்னையில் பிழைப்புத் தேடும் வேதாந்தத்தின் துன்பமும் மெய்யான துன்பமே. ஆயினும் ஆசிரியர் அவன் தோள்மேல் கை போட்டுக்கொண்டு உடன் நடக்கிறார். 'இவன் கரையேறிவிடுவான்' என்னும் நம்பிக்கை நமக்கு எந்தப் பக்கத்திலும் குறைவதில்லை. "இன்னொரு நகைச்சுவை நூல் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால், ஆசிரியரின் புகழைப் பாராமல், சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதையே பார்த்திருக்க வேண்டும். யான் பார்க்கவில்லை.

தேவனிடம் மனம் பறிகொடுத்தவர் எஸ்.வி.வி.யிடம் செல்லலாம். திருவண்ணாமலையில் வழக்கறிஞராக இருந்த அவர், முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்று, பின்னர் ஆனந்த விகடனில் தமிழுக்கு வந்தார். வீட்டுக் கூடத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கணவனும் மனைவியும் ஒன்றுமில்லாத காரியத்துக்கு வாதாடினால் போதும்.

முட்டாள்தனத்தாலேயே வெற்றி காணும் 'துப்பறியும் சாம்பு'வை விரும்புவோருக்குப் பழைய உறவினர் ஒருவர் உண்டு: பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குரு. சாம்புவைக் காப்பாற்றும் அதிர்ஷ்டம் பாவம் அந்தக் குருவுக்குக் கிட்டவில்லை. பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியும் இவ்வினத்தவரே. ஆங்கிலம் வாசிப்போர் உட்ஹவுஸின் ஊஸ்டரையும், அவரை ஒவ்வொரு முறையும் மீட்டெடுக்கும் ஜீவ்ஸையும் தேடிக்கொள்ளலாம்.

பண்டிதர்களைக் கண்டு சிரிக்க விரும்பினால், 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் வெளிவந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைக் காணுங்கள். ஆனால் அந்நாவல் போகப்போகத் துயரத்திலும், மெய்யாகவே வேதாந்தத்திலும் இறங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை ஏச்சு வாங்க மனமில்லை.

அந்த மாணவருக்குப் பிறகு எஸ்.வி.வி.யின் 'உல்லாஸ வேளை'யைக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் சிரித்த முகத்துடன் திருப்பித் தந்தார். புதுமைப்பித்தன் எங்கே என்று கேட்டேன். "அது இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும், ஐயா" என்றார்.