21 ஆ, 92 ஆ?



இன்றைக்கு இரண்டு எண்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று 21, மற்றது 92. வேலைவாய்ப்பை அளக்கும் தேசிய மாதிரி ஆய்வின் படிவத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இப்படி ஓர் எண்ணைக் குறிப்பார்கள். குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் கூடமாட உழைப்பவருக்கு 21. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92. முதல் எண் விழுந்தால் அவர் நாட்டின் உழைப்பாளர் கணக்கில் சேர்வார். இரண்டாவது விழுந்தால் சேரமாட்டார்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இரண்டு கறவை மாடுகள். விடியுமுன் எழுந்து பால் பீய்ச்சி, தட்டு போட்டு, சாணி அள்ளுவது அந்த வீட்டு அம்மா. பால் சொசைட்டிக்குப் போகிறது. கணக்கு வீட்டுக்காரர் பெயரில். கணக்கெடுப்பாளர் வந்து, "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்கிறார். "வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, வூட்டுலதான் இருக்கறனுங்க" என்கிறார் அந்த அம்மா. படிவத்தில் 92 ஏறிவிடும்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கணக்கெடுப்பாளரும் ஏமாற்றவில்லை. விற்பனைக்குப் போகும் பாலுக்காக மாட்டைப் பார்ப்பது விதிப்படி பொருளாதார வேலைதான். கடந்த 7 நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம் செய்திருந்தாலே போதும், அந்த வாரக் கணக்கில் அவர் உழைப்பாளி. இந்த விதி கணக்கெடுப்பாளரின் கையேட்டில் இருக்கிறது. கேட்ட கேள்விக்குள் அது வரவில்லை.

கேள்வி மாறினால் நாடே மாறியதுபோல் தெரியும் என்பதற்கு நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சான்று. 1961இல் பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உழைப்பாளர்கள் என்று பதிவானது. 1971இல் 'உங்கள் முதன்மையான செயல் என்ன' என்பதை முன்னே வைத்து வகைப்படுத்தினார்கள். பெண்கள் வீட்டைச் சொன்னார்கள். விகிதம் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பத்து ஆண்டில் பாதிப் பெண்கள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்களா? இல்லை. 1991இல்தான், சொந்தக் காட்டிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே எழுதினார்கள்.

அதனால்தான், திருத்திய படிவம் எதையும் நாடு முழுக்கக் கொண்டுபோவதற்கு முன்னால், பதில் சொல்லப்போகிறவர்களிடமே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனையில் பதிலை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. "நான் கேட்டது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சதுங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க. பதில் சொல்லும்போது எந்த வேலையெல்லாம் மனசுல வந்துச்சு?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். மஞ்சள் வெட்டு முடிந்து, கிழங்கை வேகவைத்துக் களத்தில் உலர்த்தி, விரலி வேறு, குண்டு வேறு என்று பிரித்தெடுத்த பெண்ணிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "அது நம்ம சொந்த மஞ்சளுங்க, அதையும் சொல்லோணுங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே படிவத்தின் ஓட்டை தெரிந்துவிடும். இதற்கு ஆயிரம் வீடு தேவையில்லை. சில பத்துப் பேரிடம் பொறுமையாகப் பேசினாலே பெரிய பிழைகள் வெளிப்படும். அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. குலுக்கல் முறையில் வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய படிவம், மறுபாதிக்குப் புதியது. விடைகளில் வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் படிவம்தான்.

அமெரிக்காவில் இதை முறையாகச் செய்தார்கள். அவர்களுடைய மாதாந்தர வேலைக் கணக்கெடுப்பில், ஆளைப் பார்த்துக் கேள்வியை மாற்றும் பழக்கம் இருந்தது. இளைஞர் என்றால் படிக்கிறீர்களா, பெண் என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்களா, மற்றவர் என்றால் வேலை பார்க்கிறீர்களா. கேட்பவரே பதிலை எடுத்துக்கொடுத்தார்! புதிய படிவத்தை 1992 ஜூலையிலிருந்து 1993 முடியும்வரை பழையதன் கூடவே ஓட்டிப் பார்த்து, 1994 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வேலை செய்யும் பெண்களின் கணக்கு கூடியது.

நம்மிடமும் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை, தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு சோதனை முறையில் நடந்தது. அதில் நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று நேரம் நேரமாகக் கேட்டார்கள். வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம் செலவிட்டார்கள், ஆண்கள் 4 மணி நேரத்துக்கும் குறைவு. 2019இல் அதே வகை ஆய்வு நாடு முழுவதும் நடந்தது. இடையில் 20 ஆண்டு. சோதனை செய்தால் மட்டும் போதாது, அதன் முடிவைச் சீக்கிரம் கையில் எடுக்கவும் வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சோதனையின் பாடத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1990களின் நடுவில் குடும்பச் செலவு ஆய்வில் சில வீடுகளில் 7 நாள் உணவுச் செலவையும், வேறு வீடுகளில் 30 நாள் செலவையும் சோதனையாகக் கேட்டார்கள். 7 நாள் கேள்வியில் உணவுச் செலவு கூடுதலாக வந்தது. 1999-2000இல் இரண்டையும் ஒரே வீட்டில் கேட்டார்கள். மக்கள் ஒரு பதிலைப் பார்த்து மற்றதைச் சரிக்கட்டிச் சொன்னதால், வறுமை எவ்வளவு குறைந்தது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இப்போது அடுத்த பெரிய கணக்கெடுப்பு வருகிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியலுக்கு 2025 நவம்பர் 10 முதல் 30 வரை முன்சோதனை நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியும் அதில் இடம்பெற்றது. வேலை பற்றிய கேள்விகள் இரண்டாம் கட்டத்தில் வரும். அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கேள்விகளை மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற ஊர்களில், அங்கே பேசுகிற பேச்சில் சோதித்துப் பாருங்கள். மாடு, சொந்தக் காடு, வீட்டிலிருந்தே நடக்கும் கடை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடாமல், அந்த அம்மா காட்டிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து அவரிடமே கேளுங்கள்.