எண்ணெல்லாம் எண் அல்ல!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதிய விருந்துக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன். தலைப்பு, ஆய்வு மாறிகளும் அளவைகளும். ‘இது எங்களுக்கு எதுக்கு சார்?’ என்று முன்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. மாணவர்களுக்கு இது புராஜெக்ட். நமக்கோ, நாளிதழில் படிக்கிற ஒவ்வொரு சதவீதத்தையும் நம்பலாமா வேண்டாமா என்கிற கேள்வி.

மாறி என்றால் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறுவது. வயது, வருமானம், தாய்மொழி, ரத்த அழுத்தம் எல்லாமே மாறிகள்தாம். ஆனால் மகளிர் கல்லூரியில் மட்டும் ஆய்வு செய்தால், அங்கே பாலினம் மாறியே அல்ல. எதனால் என்று நாம் கருதுகிறோமோ அது சாரா மாறி. அதனால் எது மாறுகிறது என்று பார்க்கிறோமோ அது சார்ந்த மாறி. உரம் சாரா மாறி, விளைச்சல் சார்ந்த மாறி. இத்தோடு முடிந்தால் ஆய்வு சுலபம். ஆனால் தண்ணீர் இருக்கிறதே! உரம் போட்ட வயலுக்கே தண்ணீரும் கூடுதலாகப் பாய்ந்திருந்தால், விளைச்சல் கூடியது எதனால்? இப்படி இரண்டோடும் ஒட்டிக்கொண்டு வருவதைக் குழப்பும் மாறி என்கிறோம்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1973-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பார்த்தவுடன் என்ன தோன்றும்? ‘பெண்களை ஒதுக்கிவிட்டார்கள்’ என்றுதானே! பிக்கல், ஹேமல், ஓகானல் என்ற மூவர் இந்தக் கணக்கைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பெரும்பாலான துறைகளில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! துறைகளைக் கணக்கில் கொண்டு மொத்தமாகப் பார்த்தபோது பெண்களுக்குச் சாதகமான சிறு சாய்வுகூடத் தெரிந்தது. காரணம், பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தவை, ஆணோ பெண்ணோ யாருக்குமே இடம் கிடைப்பது கடினமான துறைகள். ஒளிந்திருந்த மாறி, துறை.

அதற்காக அநீதியே இல்லை என்று முடித்துவிடக் கூடாது. கேள்வி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நெரிசலான துறைகளை நோக்கிப் பெண்களைத் தள்ளுவது எது? வளர்ப்பும் பள்ளிப் படிப்பும் என்று அந்த மூவருமே சுட்டிக்காட்டினார்கள். மாறியைத் தவறாகப் பிடித்தால், குற்றவாளியையும் தவறாகப் பிடிப்போம்.

இனி அளவைகள். உணர்வுகளை அளக்க முடியுமா என்று 1930-களில் பிரிட்டனில் ஒரு குழு ஏழாண்டுகள் வாதாடியது, உடன்பாடு வரவில்லை. அந்த விவாதத்தைத் தொட்டு, ஹார்வர்டு உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் நான்கு அளவைகளை வகுத்தார்.

முதலாவது பெயர் அளவை. நம் மொழியில் அழகாகப் பொருந்துகிறது பாருங்கள், பெயரளவுக்குத்தான் அது எண்! 54-ஆம் எண் பஸ், 27-ஆம் எண் பஸ்ஸைப் போல் இரு மடங்கு தூரம் போகாது. ஆண் 1, பெண் 2 என்று குறியிட்டால், கம்ப்யூட்டர் கூச்சமே இல்லாமல் ‘சராசரி பாலினம் 1.5’ என்று அச்சிட்டுத் தரும். எண்ணிக்கை பார்க்கலாம், எது அதிகம் என்று சொல்லலாம். சராசரி கூடாது.

இரண்டாவது தரவரிசை அளவை. யார் முன், யார் பின் என்று சொல்லும். எவ்வளவு முன் என்று சொல்லாது. கனிமங்களின் கடினத்துக்கு மோஸ் 1812-இல் தந்த வரிசையில் குருந்தம் 9, வைரம் 10. வித்தியாசம் ஒன்றுதான். ஆனால் உண்மையில் வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினம்.

பொறியியல் கலந்தாய்வு ரேங்கும் இதே சங்கதிதான். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கூட்டம் நெரிகிற இடத்தில் அரை மதிப்பெண் குறைந்தாலே பல நூறு இடம் பின்னால் போய்விடும். பெற்றோராக வந்திருக்கும் நண்பர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட உங்கள் பிள்ளை ஐந்நூறு ரேங்க் பின்னால் என்றால், அறிவில் ஐந்நூறு படி கீழே என்று பொருளல்ல. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்றாவது இடைவெளி அளவை. 20 டிகிரி செல்சியஸைவிட 40 டிகிரி இரு மடங்கு சூடு என்போம். அதையே ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 68, 104. இரு மடங்கு எங்கே போயிற்று? இங்கே பூஜ்யம் நாமாக வைத்தது. கூட்டல் கழித்தல் சரி, மடங்கு சொல்லக் கூடாது.

நான்காவது விகித அளவை. எடை, தூரம், ரூபாய். இங்கே பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள். எனவே மடங்கும் சொல்லலாம்.

‘மிகவும் உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டம் போடுகிறீர்களே, லிக்கர்ட் 1932-இல் தந்த முறை, அது இரண்டாவதா மூன்றாவதா என்று இன்றும் சண்டை. தரவரிசைக்குச் சராசரி எடுப்பது கண்டிப்பாகப் பார்த்தால் முறையல்ல; ஆனாலும் நடைமுறையில் பயன்தருகிறது என்று ஸ்டீவன்ஸே விட்டுக்கொடுத்திருக்கிறார். எடுத்தால், எடுத்ததை மறைக்காமல் எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வினாத்தாளில் வயதை ‘18-25, 26-35’ என்று கட்டம் போட்டுக் கேட்காதீர்கள். நேராக வயதையே கேளுங்கள். வயது கையில் இருந்தால் பிறகு எப்படி வேண்டுமானாலும் தொகுக்கலாம். கட்டம் மட்டும் இருந்தால் வயது திரும்பக் கிடைக்காது. மேல்படியிலிருந்து இறங்கலாம், கீழ்ப்படியிலிருந்து ஏற முடியாது. வருமானம் மட்டும் விதிவிலக்கு. நேராகக் கேட்டால் பலர் சொல்லத் தயங்குவார்கள், அங்கே கட்டம் போடலாம். எந்தக் கணக்குப் போடப் போகிறோம் என்பதை வினாத்தாள் அச்சாகும் முன்பே முடிவு செய்யுங்கள். வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்காக அரை மணி நேரம் பதில் சொல்கிறவர்களிடம் மறுபடி போய் நிற்க முடியாது.

இலையில் சாதம் ஆறுகிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.