முன்னொட்டும் இனவெழுத்தும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, மேற்கு மாம்பலம்



ஆங்கிலம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே வகுப்பறையில் பிள்ளைகள் தடுமாறும் ஓர் இடத்தையே பொருளாக எடுத்துக்கொண்டேன். ஆங்கிலச் சொல்லின் தலையில் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுகிற முன்னொட்டுதான் அது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் முன்னொட்டுச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்கச் சொல்லும் ஒரு மதிப்பெண் வினா உண்டு. அதற்காகப் பிள்ளைகள் பட்டியலை உருப்போடுகிறார்கள். ‘பாசிபிள்’ என்றால் ‘இம்’, ‘லீகல்’ என்றால் ‘இல்’, ‘ரெகுலர்’ என்றால் ‘இர்’, ‘விசிபிள்’ என்றால் ‘இன்’. நான்கும் வெவ்வேறு என்று நினைத்து நான்கையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். நான்கும் ஒரே ‘இன்’தான். அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப அது திரிகிறது, அவ்வளவே.

இதைப் புரியவைக்கத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய இலக்கணம் எதுவும் வேண்டாம். ‘சம்’ என்ற வடமொழி முன்னொட்டைப் பாருங்கள். சங்கீதம், சஞ்சீவி, சந்தோஷம், சம்பந்தம். கீதத்துக்கு முன் ‘ங்’, ஜீவிக்கு முன் ‘ஞ்’, தோஷத்துக்கு முன் ‘ந்’, பந்தத்துக்கு முன் ‘ம்’. க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, த-வுக்கு ந, ப-வுக்கு ம என்று இனவெழுத்துகளைத் தமிழாசிரியர் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார். ‘பாசிபிள்’ முன்னால் ‘இன்’ ஏன் ‘இம்’ ஆனது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், பதில் வரும். ஆனால் கேட்பார் இல்லை. தமிழ்ப் பாடவேளையும் ஆங்கிலப் பாடவேளையும் அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

முன்னொட்டு ஒரு வேரை எங்கெல்லாம் இழுத்துச் செல்லும் என்பதற்கும் நம் தெருப் பேச்சே போதும். ‘ஹ்ரு’ என்ற வடமொழி வேருக்கு எடுத்தல், கொண்டுசெல்லுதல் என்று பொருள். ‘ஆ’ சேர்ந்தால் உள்ளே எடுத்துக்கொள்ளும் ஆகாரம். ‘பரி’ சேர்ந்தால் தோஷத்தை விலக்கும் பரிகாரம். ‘சம்’ சேர்ந்தால் கந்த சஷ்டியில் வடபழனியில் நாம் காணும் சூரசம்ஹாரம். ‘அப’ சேர்ந்தால் நாளிதழ்களில் அடிபடும் நில அபகரிப்பு. உணவும் அழிவும் ஒரே வேரில் பிறந்தவை என்று யாராவது சொல்லாமல் நமக்குத் தோன்றுமா? ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்பதும் சுமத்தலைக் குறிக்கும் லத்தீன் வேர்தான். அதிலிருந்தே இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், ரிப்போர்ட், சப்போர்ட் எல்லாம் கிளைத்தன.

தமிழ் இந்த வழியில் போவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் இறக்குமதி, ஏற்றுமதி ஆகின்றன. தலையை மாற்றாமல் வினையையே மாற்றிவிடுகிறோம். நன்னூல் பகுபத உறுப்புகளை ஆறு என்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். முன்னொட்டுக்கு அங்கே இடமில்லை. அவ்வீடு, எந்நாள் என்று சுட்டும் வினாவும் முன்னே வரும். அஃறிணை, அல்வழி என்பவற்றில் ‘அல்’ முன்னே நின்று மறுக்கிறது. ஆனால் இத்தகையவை மிகச் சில. ‘எழுதாத’ என்பதில் மறுப்பு நடுவில் இருக்கிறது, ‘வரவில்லை’ என்பதில் கடைசியில். நம் காது சொல்லின் வால்பக்கம் பழகியது. ஆங்கிலமோ தலையிலேயே சொல்லி முடித்துவிடுகிறது.

தமிழ் உள்ளிட்ட தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து வேறான தனிக் குடும்பம் என்பதை வேர்ச்சொற்களைக் கொண்டு எல்லிஸ் 1816இல் எழுதிக் காட்டியது இதே சென்னையில்தான். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடுக்குப் பெயர் தந்தது அந்தக் கல்லூரி. குடும்பம் வேறானாலும் தமிழ், வடமொழி இரண்டின் சொற்களும் நம் நாவில் புழங்குகின்றன. அதனால் வடமொழிக்கு உறவான மேலை மொழிகளுக்கும் நமக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. ‘அவசியம்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் மறுக்கும் ‘அ’ ஒரு ‘ன்’ பெற்று ‘அனாவசியம்’ ஆகிறது. மருத்துவர் சொல்லும் ‘அனீமியா’வில் உள்ள கிரேக்க ‘அன்’னுக்கும் இதே விதி. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

ஓர் எச்சரிக்கை. எல்லா ‘இன்’னும் மறுப்பதில்லை. ‘இம்போர்ட்’டில் உள்ளது ‘உள்ளே’ என்னும் பொருள் தரும் வேறொரு ‘இன்’. பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதும் அந்த இனம்தான். மறுப்பு என்று நினைத்தால் ‘தீப்பிடிக்காதது’ என்று ஆகிவிடும். உயிரோடு விளையாடுகிற பிழை இது. அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் 1920களிலேயே ‘இன்’னை நீக்கி ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னது இதனால்தான். ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்று தமிழில் எழுதினால் இந்த ஐயத்துக்கே வழியில்லை.

ஆங்கிலத்துக்கு நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். ‘போஸ்ட்போன்’ தள்ளிவைப்பது என்றால், முன்னுக்குக் கொண்டுவருவது ‘ப்ரீபோன்’ என்று இந்திய அலுவலகங்கள் பேசத் தொடங்கின. அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. ‘தப்பு இங்கிலீஷ்’ என்று இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். முன்னொட்டின் இயல்பை அறிந்தவர்களால்தான் இப்படி ஒரு சொல்லை ஆக்க முடியும் என்பேன்.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். வரும் கோடை விடுமுறையில் மாம்பலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்துங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே கரும்பலகையின் முன் சேர்ந்து நிற்கட்டும். அவர் சங்கீதம், சஞ்சீவி, சந்தோஷம், சம்பந்தம் என்று எழுதட்டும், இவர் பக்கத்திலேயே ‘இம்பாசிபிள்’ என்று எழுதட்டும். அந்த முதல் வகுப்பை நடத்த நானும் வருகிறேன்.