சைக்கிளில் படித்த சரித்திரம்

(கல்வி உதவி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)

 

சிறு நகரில் வாழும் ஓர் இளைஞனின் தொழிலும் தொண்டும் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். பெரிதாக எதையும் சாதித்தவன் அல்லன் நான். ஆகவே, நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே பேசுகிறேன்.

என் ஊர் தைப்பிங். பக்கத்துக் கமுந்திங்கில், ஒரு தொழிற்சாலையில் மின்பொறியாளராக வேலை. என்னோடு படித்தவர்களில் பலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். "அந்த மழை ஊரில் என்னப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். வேலை முடிந்தால் பத்து நிமிடத்தில் வீடு. மாலையில் ஏரிப் பூங்காவில் நடை. ஞாயிறு விடியலில் சைக்கிள். பிறகு கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன். தகப்பனார் இல்லை, தாயார் உணவுக் கடையில் வேலை செய்பவர். கணக்கில் கெட்டிக்காரன். ஒரு நாள் சரித்திரப் புத்தகத்தை நீட்டி, "அண்ணே, இது மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்றான். "அதை நீயே மனப்பாடம் பண்ணிக்க. நமக்குக் கணக்குதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டேன்.

தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் ஏ. சரித்திரத்தில் தோல்வி. 2013ஆம் ஆண்டு முதல், மலாய் மொழியோடு சரித்திரத்திலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். இதை நான் அறியாதவன் அல்லன். அக்கறை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவன் தாயார் மண்டபத்துக்கே வந்துவிட்டார். "தம்பி, கணக்குல ஏ வாங்கியிருக்கானே, ஏன் சர்ட்டிபிகேட் இல்லேங்கிறாங்க?" எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

பையன் லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். மறுதேர்வு எழுத வழி உண்டு என்று சொல்லி, அடுத்த ஞாயிறு அவனையும் சைக்கிளில் அழைத்துச் சென்றேன். ஏரிப் பூங்காவில் நின்று, "இந்த ஏரிகள் ஈயம் தோண்டிய குழிகள்" என்றேன். அந்த ஈயத்துக்காகத்தான் லாருட்டில் சண்டை மூண்டது. அதன் முடிவில் வந்ததுதான் 1874ஆம் ஆண்டின் பங்கோர் ஒப்பந்தம். ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கவே, 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு, நாட்டின் முதல் ரயில் பாதை போடப்பட்டது.

போர்ட் வெல்ட் இன்று கோல செப்பெத்தாங் எனப்படுகிறது. தண்டவாளம் இல்லை, ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில். பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நம்ம எழுத்து இருக்கே! இதுவும் சரித்திரப் பாடத்துல வருமா?" என்றான். அன்றுமுதல் அவன் அந்தப் புத்தகத்தைக் கண்டு பயப்படவில்லை.

மறுதேர்வில் தேறினான், இப்போது தொழிற்பயிற்சி பெறுகிறான். ஆனாலும் அவன் இழந்த ஓராண்டை என்னால் திருப்பித் தர முடியாது.

உபயதாரப் பெருமக்களே! நீங்கள் புத்தகம் வாங்கித் தந்தீர்கள், மண்டபத்துக்கு விளக்கும் விசிறியும் தந்தீர்கள். இன்னும் ஒன்று கேட்கிறேன். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரோ மலாய் ஆசிரியரோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அனுப்பி வையுங்கள். அன்னதானத்துக்கு நிகரான கைங்கரியம் அது. ஒரு பாடத்தால் ஒரு பிள்ளையின் சான்றிதழ் போகக்கூடாது.