காய்க்காத சாதிக்காய் மரம்



நட்ட மரத்திடம் பலன் எதிர்பார்ப்பது மனித சுபாவம். காய்க்காத ஒரு மரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

குண்டசாலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சாதிக்காய் மரம் நிற்கிறது. விதையைத் தந்தவர் வேலிக்கு அப்பால் வசிக்கும் சிங்களப் பெரியவர். நாங்கள் மாமா என்றே அழைப்போம். "புத்தா, இன்றைக்கே நட்டுவிடு. காய்ந்தால் செத்துப்போகும்" என்றார். அவர் மொழியிலும் அது 'சாதிக்கா'தான்.

அவர் சொன்னது மெய். சாதிக்காய் விதை, நெல்லைப்போலக் காயவைத்துச் சேமிக்கக்கூடியதன்று. குலுக்கும்போது ஓட்டுக்குள் பருப்பு ஆடிச் சத்தம் கேட்டால் அது முளைக்காது. பழம் வெடித்த கையோடு, சிவந்த சாதிபத்திரியை உரித்துவிட்டு, ஓட்டோடு ஈர மணலில் புதைக்க வேண்டும். அப்பாவும் நானும் அப்படியே செய்து, பெட்டியை நிழலில் வைத்தோம். ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின்னரே முளை தலைகாட்டியது.

இந்தச் சிறு விதைக்காகச் சிந்திய இரத்தம் கொஞ்சமல்ல. ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கு இது பண்டா தீவுகளிலிருந்துதான் வந்தது. 1621இல் ஒல்லாந்தர் அத்தீவு மக்களிற் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் அவ்வணிகத்தைக் கைப்பற்றினர். பிறர் மண்ணில் முளைத்துவிடலாகாது என்று காய்களைச் சுண்ணாம்பில் தோய்த்தே கப்பலேற்றினர். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கன்றுகளை வெளியே கொண்டுபோனார்கள். இன்று கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டங்களில் அது சொந்த ஊர் மரம்போல் நிற்கிறது. மதுரையிலிருந்து அரசியை வரவழைத்த நரேந்திரசிங்கன் வாழ்ந்த குண்டசாலைக்கு, வந்தவர் வேரூன்றுவது புதிதல்லவே!

எங்கள் கன்று வளர்ந்தது. நான்காம் வருஷம் அப்பா காலமானார். கடைசிவரை தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். எட்டாம் வருஷம் கொத்துக்கொத்தாகப் பூத்தது. மாமா ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஆண் மரம்!"

சாதிக்காயில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். விதையிலிருந்து வருவது எதுவென்று பூக்கும்வரை தெரியாது. இதனால்தான் இப்போது பெண் மரத்தின் கிளையை ஒட்டிய கன்றுகளை நடுகிறார்கள். "காய்க்காததற்கு ஏன் இடம்? வெட்டிவிட்டுத் தென்னை வைப்போம்" என்றாள் மனைவி. அப்பா நீர் வார்த்த மரம். கோடரியை எடுக்கவும் மனமில்லை, மறுத்துச் சொல்ல நியாயமுமில்லை.

நியாயத்தை மாமா கொண்டுவந்தார். "வெட்டாதே. என் ஆண் மரம் காற்றில் விழுந்து மூன்று வருஷம். என் பெண் மரங்கள் இரண்டும் பூக்கின்றன, காய்ப்பதில்லை."

மறு வருஷம் வேலிக்கு மேலாக ஒரு கூடை நீண்டது. நிறைய, வெடித்த பழங்கள். எங்கள் மரத்தின் பூந்தாதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மாமா செய்கிறார்.

அந்தக் கூடையிலிருந்து இரண்டு விதைகளை எடுத்து ஈர மணலில் புதைத்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று இம்முறை மனைவி கேட்கவில்லை. பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுபவள் அவள்தான்.