மோதிரம் வாங்குவதா, விடுவதா?

(இவ்வருடம் பட்டம் பெறும் மாணவர்களை மதிப்பளிக்கும் முகமாக எமது சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியவாறே இங்கு பதிவாகிறது.)



நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. ஏ.எல். வரை படித்தவள். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்கிறேன். செயலாளர் அக்கா "படிப்பைப் பற்றி ஏதாவது கதையும்" எண்டு சொல்லிப்போட்டா. கம்பஸ் வாசலை மிதிக்காத நான் படிப்பைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது? ஆனபடியால் எங்கட வீட்டில இரண்டு மாதமாக நடந்த ஒரு வழக்கைச் சொல்லுறன். வழக்கு ஒரு மோதிரத்தைப் பற்றியது.

என்ர அக்காவின்ர மகள் இந்த வருஷம் சிவில் எஞ்சினியரிங் முடிக்கிறாள். எனக்குப் பெறாமகள். நான் அவையின்ர பேஸ்மன்றிலதான் இருக்கிறன், அதால என்ர மகள் எண்டும் சொல்லலாம். அவள் ஒருநாள் மோதிரக் கொம்பனியின்ர புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில போட்டாள். பட்டதாரிகள் போடுகிற மோதிரம். நடுவில பெரிய கல்லு, கல்லைச் சுற்றிப் பல்கலைக்கழகத்தின்ர பேர், ஒரு பக்கம் சின்னம், மற்றப் பக்கம் பட்டம் பெறுகிற ஆண்டு, உள்ளுக்குச் சொந்தப் பேர். விலை 1,200 டொலர். "வாங்கிறதோ விடுறதோ தெரியேல்லை சித்தி" எண்டாள்.

அக்கா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தா. முதல் கேள்வி, "எத்தினை கரட்?" 10 கரட். அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சம். 24 பங்கில 10 பங்குதான் பொன், மிச்சம் செம்பும் வெள்ளியும். நாங்கள் போடுறது 22 கரட். "இதை நாளைக்கு ஒரு அந்தரம் ஆபத்துக்கு அடைவு வைக்க ஏலுமோ? ஆற்றையோ பேர் அடிச்ச மோதிரத்தை ஆர் வாங்குவினம்?" எண்டு அக்கா கேட்டா. கேள்வி நியாயம்தானே.

இந்த வழக்கம் எங்கே இருந்து வந்தது எண்டு பெறாமகள் சொன்னாள். அமெரிக்காவில வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில 1835இல தொடங்கினதாம். கனடாவில பேர்பெற்றது நோவா ஸ்கோஷியாவில அன்ரிகொனிஷ் எண்ட ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தின்ர மோதிரம். கறுப்பு முகப்பில ஒரு பெரிய எக்ஸ் எழுத்து இருக்கும். ஒவ்வொரு வருஷமும் டிசெம்பர் 3ஆம் திகதி, புனித சவேரியார் திருநாளில், கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அதைக் குடுப்பினம். அந்தப் பல்கலைக்கழகமே சவேரியார் பேரிலதான் இருக்கு. முத்துக்குளிக்கிற கரையில எங்கட சனத்துக்குள்ள திரிஞ்ச அதே சவேரியார். யாழ்ப்பாணத்தில கொழும்புத்துறையில அவர் பேரில குருமடம் இருக்கு. உலகம் சின்னன் பாருங்கோ.

இப்ப என்ர பக்கத்துக் கதைக்கு வாறன்.

நான் ஓ.எல். பாஸ் பண்ணின நேரம் அப்பா அரைப் பவுணில ஒரு மோதிரம் செய்துதந்தவர். பேரும் இல்லை, ஆண்டும் இல்லை, ஒரு சின்னச் சிவப்புக் கல்லு மட்டும். 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டினது உங்களில கனபேருக்கு ஞாபகம் இருக்கும். சாமான் எல்லாம் கப்பலில வந்த காலம். அடுத்த வருஷம், ஊரடங்குக்கும் மண்ணெண்ணெய் விளக்குக்கும் நடுவில நான் ஏ.எல். எழுதினன். வெட்டுப்புள்ளி எட்டேல்லை. அந்த மோதிரம் முதலில வீட்டுச் செலவுக்கு அடைவுக்குப் போச்சுது. மீட்டம். திரும்பவும் போச்சுது, திரும்பவும் மீட்டம். கடைசியில நான் வெளிக்கிடுகிறதுக்கு ஏஜென்சிக்குக் கட்டின காசுக்குள்ள அம்மாவின்ர தாலிக்கொடியோட அதுவும் கரைஞ்சு போச்சுது. இந்த மண்டபத்தில இப்படி ஒரு மோதிரக் கதை இல்லாத வீடு இருக்குமோ தெரியாது. எங்களுக்கு நகை எண்டால் விரலில கிடக்கிற வங்கி.

ஆனபடியால் அக்கா சொன்ன அதே குறைதான் எனக்கு நிறைவாகத் தெரிஞ்சுது. அடைவு வைக்கேலாத மோதிரம்! ஆரும் கேட்கமாட்டினம், ஆருக்கும் குடுக்கவும் ஏலாது. படிச்ச இடமும் ஆண்டும் பேரும் அடிச்சு, அந்த ஒருத்தியின்ர விரலில மட்டும் கிடக்கும். எங்கட குடும்பத்தில ஒருத்திக்காவது அப்படி ஒண்டு வேணும் எண்டு எனக்கு ஆசை வந்திட்டுது. ஓவர்டைம் செய்து 1,200 டொலரைச் சேர்த்து ஒரு என்வலப்பில வைச்சன். அக்காவுக்குச் சொல்லேல்லை.

ஆனால் நான் மெஷினோட நிக்கிறவள். எங்கட வேலையில முதல் நாள் சொல்லித்தாற பாடம், மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாம் கழட்டு எண்டதுதான். நான் முந்தி வேலை செய்த இடத்தில ஒரு பெடியனுக்குக் கல்யாண மோதிரம் மெஷின் விளிம்பில கொழுவி, விரல் தோல் முழுக்க உரிஞ்சு வந்ததைக் கண்ணால கண்டனான். அதுக்குப் பிறகு பெரிய கல்லு வைச்ச மோதிரத்தைக் கண்டால் எனக்கு விரல்தான் ஞாபகம் வரும். இவளும் நாளைக்குக் கட்டடம் கட்டிற இடத்தில நிக்கப்போறவள். இதைப் போட்டுக்கொண்டு எப்படி நிப்பாள்?

இதைக் கேட்டபோதுதான் அவள் மற்ற மோதிரத்தைப் பற்றிச் சொன்னாள். கனடாவில எஞ்சினியரிங் முடிக்கிறவைக்கு ஒரு இரும்பு மோதிரம் இருக்கு. அதைக் கடையில வாங்கேலாது. ஒரு சடங்கில உறுதிமொழி எடுத்துத்தான் போடவேணும். ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில சுரங்கப் பொறியியல் படிப்பிச்ச ஹோல்ரெயின் எண்ட பேராசிரியர் 1922இல இந்த யோசினையைக் கொண்டுவந்தார். சடங்குக்குரிய வாசகத்தை ருட்யார்ட் கிப்ளிங் எழுதிக் குடுத்தார். வெள்ளைக்காரன்ர ஆட்சியைப் புகழ்ந்து பாடின மனிசன்தான், அதை மறக்கத் தேவையில்லை. 1925 சித்திரையில மொன்றியலில முதல் சடங்கு நடந்தது, வைகாசி முதலாம் திகதி ரொறொன்ரோவில நடந்தது. முதல் மோதிரங்களை இங்கே கிறிஸ்ரி வீதியில இருந்த இராணுவ ஆஸ்பத்திரியில காயப்பட்ட படைவீரர்கள் சுத்தியலால அடிச்சுச் செய்தவையாம். இப்ப கூடுதலாகத் துருப்பிடிக்காத உருக்கு. கல்லும் இல்லை, பேரும் இல்லை. வேலை செய்கிற கையின்ர சின்னி விரலில போடுவினம். கீறேக்க, எழுதேக்க அது மேசையில முட்டி ஞாபகப்படுத்த வேணுமாம்.

என்னத்தை ஞாபகப்படுத்திறது எண்டு கேட்டன். அவள் கியூபெக் பாலத்தின்ர கதையைச் சொன்னாள். 1907 ஆவணி 29ஆம் திகதி, பின்னேரம் வேலை முடியப்போற நேரம், கட்டிக்கொண்டிருந்த பாலம் சென் லோறன்ஸ் ஆற்றுக்குள்ள விழுந்தது. மேல நிண்ட 86 பேரில 75 பேர் செத்துப்போச்சினம். அதில 33 பேர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹோக் ஆதிகுடிகள். இரும்பு வளையுது எண்டு பாலத்தில நிண்டவை பல நாளுக்கு முதலே கண்டவை. அண்டைக்குத்தான் நியூயோர்க்கில இருந்த பெரிய எஞ்சினியர் இனிப் பாரம் ஏற்ற வேண்டாம் எண்டு தந்தி அடிச்சார். தந்தி போனது பென்சில்வேனியாவில இருந்த கொம்பனிக் கந்தோருக்கு. பாலத்தில வேலை நிக்கேல்லை. 1916இல திரும்பவும் கட்டேக்க நடுத்துண்டு விழுந்து இன்னும் 13 பேர். மோதிரம் அந்தப் பாலத்து இரும்பில செய்தது எண்டு சனம் சொல்லும், அது உண்மை இல்லையாம்.

எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை. செத்த ஆக்கள் பாலத்தைக் கடதாசியில கீறினவை இல்லை, மேல நிண்டு ஆணி அறைஞ்சவை. எங்கட லைனிலயும் அப்படித்தான். மெஷின்ர சத்தம் மாறினால் முதல் தெரியிறது எங்களுக்கு. சொன்னால் "நாளைக்குப் பார்ப்பம்" எண்டு சொல்லுவினம். அடுத்தநாள் பெறாமகளிட்டச் சொன்னன்: "பிள்ளை, நீ எஞ்சினியராய்ப் போய் நிக்கேக்க, என்னைப் போல ஒருத்தி வந்து சத்தம் மாறுது எண்டு சொன்னால், நீ என்ன செய்வாய்?" அவள் உடனே மறுமொழி சொல்லேல்லை. கனநேரம் பேசாமல் இருந்தாள்.

போன மாதம் அவளுக்கு அந்தச் சடங்கு நடந்தது. இரவு வேலையால வர, முழிச்சிருந்து கையைக் காட்டினாள். சின்ன வளையம், வெளிப்பக்கம் சிற்றுளியால கொத்தினமாதிரி. ஆசையில, "கழட்டு, ஒருக்காப் போட்டுப் பாப்பம்" எண்டு கையை நீட்டினன். "சித்தி, சொறி. இது குடுக்கேலாது" எண்டாள். உண்மையைச் சொல்லுறன், ஒரு நிமிஷம் முகம் கறுத்துத்தான் போச்சுது. பிறகு யோசிச்சன், நான் கேட்டது அதுதானே, ஆருக்கும் குடுக்கேலாத மோதிரம்.

பெரிய மோதிரம் இப்ப வேண்டாம் எண்டு அவளே முடிவெடுத்தாள். பிறகும் ஓடர் பண்ணலாமாம். இரும்பு மோதிரம் போட்டதால மட்டும் ஆள் லைசன்ஸ் எடுத்த எஞ்சினியர் ஆகிறதில்லை. அதுக்கு வேலை அனுபவம் வேணும். அது கிடைச்சபிறகு தன்ர சம்பளத்தில வாங்குவனோ பார்ப்பம் எண்டு சொல்லுறாள். அதுக்காக இங்க இருக்கிற பிள்ளைகள் ஆரும் வாங்கினால் அதைப் பகட்டு எண்டு நாங்கள் சொல்லக்கூடாது. அகதியாய் வந்த வீட்டுப் பிள்ளை தான் படிச்ச இடத்தின்ர பேரை விரலில போட ஆசைப்பட்டால், அந்த ஆசை எனக்கு விளங்குது. 10 கரட் எண்டு அக்காவைப்போலக் கணக்குப் பார்க்கவும் தேவையில்லை.

என்வலப்பை அவளிட்டக் குடுத்தன். எண்ணிப்போட்டு, "சித்தி, இதில உங்கட சிவப்புக்கல்லு மோதிரத்தைத் திரும்பச் செய்யுங்கோ" எண்டு தாயிட்டயும் சொல்லிப்போட்டாள். இப்ப அக்காவுக்கு என்வலப் விஷயம் தெரிஞ்சுபோச்சுது, அதுக்கு வாங்கின பேச்சு வேற கதை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகேலாத மோதிரம் எனக்கு என்னத்துக்கு எண்டு நான் மறுத்துக்கொண்டிருக்கிறன். அக்கா நூலால என்ர விரலை அளந்து, முடிச்சுப் போட்டு, கைப்பைக்குள்ள வைச்சிருக்கிறா.