ஊர்தோறும் சென்ற உயிர்நூற் பேராசிரியர்

(இந்தூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ரயில்வேயைப் பற்றி ஏதேனும் பேசுமாறு செயலாளர் நம்மைக் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகளாக ரயில்வேயின் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். விழா நாளிலேனும் அவற்றினின்று விடுதலை வேண்டுமென்று வேறு பொருளைக் கேட்டுப் பெற்றோம். அதற்குக் காரணமும் உண்டு. சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நாம் ஒரு யோசனையை முன்வைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் உயிர்நூல் அறிஞரை இங்கு வரவழைத்து நம் பிள்ளைகளிடையே பேசச் செய்யலாம். அவருடைய வழிச்செலவுக்கென ஒரு சிறு கட்டளை ஏற்படுத்தலாம் என்பதே அது. உச்சிக்காலக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று கோயில்களில் நம் முன்னோர் எழுதி வைக்கவில்லையா? அதுபோலச் சொற்பொழிவுக்கும் ஒரு கட்டளை. கேட்டவுடன் மூத்த உறுப்பினர் ஒருவர், "தமிழ்ச் சங்கத்துக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். குழு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. நூலகத்தில் தேடி, இன்று விடையோடு வந்திருக்கிறோம்.

விடையின் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காத்லாந்து நாட்டினர், 1854 இல் பிறந்தவர். லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் பிராணி நூல் பயின்றார். 1879 இல் மெக்சிகோ நாட்டுக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றபோது கண்நோய் கண்டு சில வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பின்னர்ப் பார்வை மீண்டது. எனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் கண் பதிக்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. நுண்ணுயிரைப் பார்க்க இயலாதவர் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார். ஆற்றங்கரையில் செடி எப்படி இடம் பிடித்து வளர்கிறதோ அப்படியே ஊரும் வளர்கிறது என்பது அவர் கொள்கை. 1888 இல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூல் பேராசிரியரானார். அப்பதவியை அவருக்கென்றே ஒரு செல்வர் பொருள் அளித்து ஏற்படுத்தினார். அதிலுள்ள விசேடம் யாதெனில், கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். எஞ்சிய மாதங்கள் அவருடையவை. அம்மாதங்களில் அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். இப்பதவியை 1919 வரை வகித்தார். பயணச் சொற்பொழிவுக் கட்டளை என்று நாம் கூறுவது இதனைத்தான், பெயர்தான் வேறு.

சென்னை ஆளுநராயிருந்த பெண்ட்லண்டு பிரபு அழைத்ததன்பேரில் 1914 இல் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல்லாண்டு உழைப்பில் சேர்த்த படங்கள், வரைபடங்கள், நகர மாதிரிகள் அடங்கிய கண்காட்சி தனியே 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலில் வந்தது. அவர் வந்து சேர்ந்தார், கண்காட்சி வரவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசிக் கலங்கடித்த அதே எம்டன், அக்டோபரில் அக்கப்பலை மூழ்கடித்துவிட்டது. வீட்டில் கண்டிப்பான தாத்தாவை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன்தான்! அறுபது வயதுக் கிழவர். வாழ்நாள் சேமிப்பு கடலடியில். நாமாயிருந்தால் இழப்பீட்டு மனு எழுதிக்கொண்டு ஊர் திரும்பியிருப்போம். அவரோ, தாய்நாட்டு நண்பர்கள் மீண்டும் படங்களைச் சேகரித்து அனுப்பும்வரை சும்மா இராமல், சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்க்கலானார். 1915 தொடக்கத்தில் புதிய கண்காட்சி சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில் திறக்கப்பட்டது. பின்பு கல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் சென்றது.

மதுரையையும் தஞ்சையையும் பார்த்து அவர் அறிக்கை எழுதினார் என்பதை அறிந்தபோது நமக்குப் பெருமையாக இருந்தது. அக்காலப் பொறியாளர் பலருக்கு நகரத் திருத்தம் என்றால் நேர்கோட்டுச் சாலையும் இடிபாடுந்தான். கெடிஸ் சந்துகளில் நடந்தார், கிணற்றடியில் நின்றார், எந்தச் சுவரை எடுத்தால் காற்று வரும், எந்த மரத்தை விட்டால் நிழல் நிற்கும் என்று குறித்துக்கொண்டார். நோயாளியின் உறுப்பை வெட்டி எறியாமல், காக்கக்கூடியதைக் காத்துப் பிணியை மட்டும் அகற்றும் மருத்துவரைப் போன்ற முறை அது. இந்தியாவில் அவர் ஏறத்தாழ ஐம்பது ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். இடையில் 1917 இல் மகன் பிரெஞ்சுப் போர்முனையில் மாண்டான். நோயுற்றுக் கிடந்த மனைவியிடம் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் படித்துக் காட்டி வந்தார். அவ்வம்மையாரும் அதே ஆண்டில் இந்திய மண்ணிலேயே காலமானார். அதன் பின்னும் அவர் ஊர்களுக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

இனி நம் ஊர்க் கதை. 1917-18 இல் கெடிஸ் ஹோல்கர் அரசின் அழைப்பில் இந்தூருக்கு வந்தார். பிளேக்கும் மலேரியாவும் ஆண்டுதோறும் உயிர் குடித்த காலம். கையில் வரைபடத்தோடு சந்துகளில் திரிந்த வெள்ளைக்காரக் கிழவரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சி ஒதுங்கினர். அவர் அரசரிடம் விசித்திரமான ஒரு வரம் கேட்டார்: "ஒரு நாள் மட்டும் என்னை மகாராஜாவாக்குங்கள்." மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் ஆண்ட காலம் அது, வரம் கிடைத்தது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது. எவ்வீதியார் தம் வீடுகளை மிகுதியாகத் துப்புரவு செய்து பழுது பார்த்து வைக்கிறார்களோ அவ்வீதி வழியே செல்லும் என்று அறிவித்தார். அவ்வளவுதான்! ஊரே துடைப்பமும் சுண்ணாம்புமாக எழுந்தது.

ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும், பிளேக் நோயைப் பரப்பும் பேருருவ எலியும் வந்தன. திருமகள் ஊர்தியும் வந்தது. நமது மனத்தைத் தொட்ட காட்சி வேறு. நகரத் துப்புரவுத் தொழிலாளர் தூய வெள்ளாடையும் மாலையும் அணிந்து, மெருகிட்ட வண்டிகளோடு, அரசாங்க மரியாதையுடன் அணிவகுத்து வந்தனர். வழக்கமாக அவர்களைக் கண்டால் ஒதுங்கி நின்றவர்கள் அன்று கைகூப்பி நின்றார்கள். முடிவில் அரக்கனும் எலியும் வாணவேடிக்கையோடு எரிக்கப்பட்டன. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதை உயிர்நூல் கண்டறிந்து அப்போது இருபது ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை. அச்செய்தி ஆராய்ச்சிக் கூடத்தினின்று நம் தெருவுக்கு வந்தது ஒரு திருவிழாவின் வாயிலாக. இந்தூரைப் பற்றிய அவருடைய அறிக்கை 1918 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 2017 முதல் பன்முறை இந்நாட்டின் தூய்மையான நகரமென்று பரிசு பெற்ற ஊரில் குடியிருக்கிறோம். இக்கதையை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இன்னொருவரையும் சுருங்கச் சொல்லலாம். ஹால்டேன் என்னும் ஆங்கிலேய உயிர்நூலறிஞர் 1957 இல் கல்கத்தாவுக்கு வந்தார். 1961 இல் இந்தியக் குடிமகனானார். புவனேசுவரத்தில் 1964 இல் மறைந்தார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களை அவர் பூவின் இதழ்களை எண்ணச் சொன்னார். அவரோடு பணியாற்றிய டேவிஸ் என்பவர், தென்னை மரங்களில் சிலவற்றின் மட்டைகள் இடமாகவும் சிலவற்றின் மட்டைகள் வலமாகவும் சுழன்று அமைவதை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்தார். எண்ணத் தெரிந்தால் போதும், அறிவியல் தொடங்கிவிடும். இதனை ஒரு குமாஸ்தா மகிழ்ச்சியோடு வழிமொழிகிறோம்.

இப்போது நம் காலனிக்கு வருவோம். நம் வீடுகளில் உயிரியல் என்றால் மருத்துவக் கல்லூரி என்று ஒரே பொருள். இடம் கிடைத்தால் இனிப்பு, கிடைக்காவிடில் துக்கம். இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைக்காத பிள்ளை ஒருவன் நம் குடியிருப்பில் இருக்கிறான். பெயர் வேண்டாம். சிறுவயதில் மைனாக் கூடுகளைக் கணக்கெடுத்து நோட்டில் எழுதி வைத்தவன். ஓராண்டாக அவன் விழாவுக்கும் வருவதில்லை, கடைக்கும் வருவதில்லை. அவனுக்கு ஆறுதல் சொல்ல நாம் போனோம். மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள் நாம். "மைனாவை எண்ணுவதும் ஒரு படிப்புத்தானப்பா" என்றோம். அவன் நம்மைப் பார்த்த பார்வையில், உங்களுக்கென்ன தெரியும் என்பது இருந்தது. தவறில்லை. நமக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் வந்து அவன் நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கட்டளை.

செலவைப் பற்றி நம்மிடம் கேட்கலாம். இது நம் தொழில். வெளிநாட்டு அறிஞர்கள் மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வருகிறார்கள். பெரிய கூடத்தில் பேசிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அத்தகையோர் வந்த இடத்திலிருந்து வேறு ஊர்களுக்கும் சென்று பேசும்படி வழிச்செலவு அளிக்கும் நல்கைகள் உலகில் பல உண்டு. நாம் செய்யப்போவது அதன் சிறு வடிவம். மும்பைக்கு வந்தவரை மாலையில் அவந்திகா விரைவு வண்டியில் ஏற்றினால் மறுநாள் காலை இந்தூர். அங்கிருந்து போபால், பிறகு நாகபுரி. மூன்று ஊர்த் தமிழர்களும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர் பங்கும் நம் விழாப் பந்தல் வாடகையைவிடக் குறைவு. தங்குவதற்கு விடுதி வேண்டாம். நம் வீடுகளில் ஒன்றில் தங்கட்டும், இட்லி உண்ணட்டும். அவர் ஆங்கிலத்தில் பேசினால் தமிழில் எடுத்துச் சொல்ல நம் ஆசிரியைகள் இருவர் இசைந்துள்ளனர். நாடகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்க மாட்டோம் என்று நாடகக் குழுவினருக்கு உறுதி கூறுகிறோம். அவர்கள் முகம் இப்போதுதான் தெளிகிறது.

தவளையைப் பற்றிக் கேட்ட பெரியவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். விழா முடிந்ததும் பொருளாளர் வாயிற்பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். முதல் ரசீது ஐந்நூறு ரூபாய்க்கு நம் பெயரில் கிழிக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் ரசீதை அப்பெரியவருக்கென்று நிறுத்தி வைக்கும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம்.